ஜிமேட் அனுமானக் கேள்வி: விடையை மறுத்துப் பாருங்கள்

எம்பிஏ போன்ற மேலாண்மைப் படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வான ஜிமேட்டில், வெர்பல் என்ற மொழித்திறன் பகுதிக்கு 45 நிமிடத்தில் 23 கேள்வி. அதில் 'இந்த வாதம் எதை அனுமானிக்கிறது', அதாவது வெளியே சொல்லாமல் எதை நம்பி நிற்கிறது, என்ற வகை வந்தால் எனக்குக் கடைசி இரண்டு விடைகளில் எப்போதும் இழுபறிதான். அது சரியானது ஒரே பழக்கத்தால்: விடையை மறுத்துப் பார்ப்பது. உதாரணமாக, ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கிய பிறகு ஒரு நகரத்தில் தலைக்காயங்கள் குறைந்தன, ஆகவே சட்டம் பலித்தது என்று வாதம். 'இருசக்கர வண்டிகளின் ஓட்டம் பெரிதாகக் குறையவில்லை' என்பது ஒரு விடை. அதைத் திருப்பி, ஓட்டமே பாதியாகிவிட்டது என்று வைத்தால் வாதம் படுத்துவிடும், அப்போ அதுதான் விடை. 'ஹெல்மெட் மட்டுமே தலையைக் காக்கும்' என்பதும் பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் வேறு வழிகளும் உண்டு என்று மாற்றினாலும் வாதத்துக்கு ஒன்றும் ஆகாது. அப்புறம், ஐந்து விடைகளையும் மறுத்துக்கொண்டிருக்க வேண்டாம், மிஞ்சிய இரண்டுக்குப் போதும்.