டபுள்ஸ் மினியேச்சர் போட்டி: நண்பரோடு இறங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறு உருவங்களைப் படையாக மேசையில் நகர்த்தி ஆடும் ஆட்டத்தில், இருவர் ஓர் அணியாக இறங்குவதுதான் டபுள்ஸ். அதில் தோற்ற அணியிடம் காரணம் கேட்டால் டைஸைத்தான் கைகாட்டுவார்கள். ஆட்டத்தை முதலிலிருந்து நினைத்துப் பார்த்தால் வேறொன்று தெரியும்: இருவரும் ஒரே மேசையில் ஆளுக்கொரு ஆட்டம் ஆடியிருப்பார்கள். படையின் ஒவ்வொரு யூனிட்டுக்கும் (சேர்ந்து நகரும் உருவங்களின் குழு, அல்லது ஒரு வண்டி) பாயிண்டில் ஒரு விலை உண்டு. ஆளுக்கு 1000 பாயிண்ட் கொண்டுவந்தால் 2000 பாயிண்டில் ஒரு படை இருக்கிறது, அதற்கு இரண்டு தலைகள் இருக்கின்றன. எதை யார் எப்போது முடிவு செய்வது என்று முதல் டைஸ் உருளும் முன்பே பேசி வைக்காததுதான் கீழே வரும் தவறுகள் பலவற்றுக்கும் வேர். எண்கள் எல்லாம் 2023-இல் வந்த வார்ஹாமர் 40,000 என்ற ஆட்டத்தின் பத்தாம் பதிப்பை வைத்துச் சொல்பவை. வேறு ஆட்டம் என்றால் எண்கள் மாறும், சிக்கல்கள் பெரும்பாலும் இவைதான்.

ஈவென்ட் பேக்கை ஒருவர் மட்டும் படிப்பது

டபுள்ஸ் விதிகள் போட்டிக்குப் போட்டி மாறும். அடிப்படை விதிப்புத்தகத்தில் தேடினால் கிடைக்காது, நடத்துபவர்கள் தரும் ஈவென்ட் பேக்கில் (அந்தப் போட்டிக்கான விதித் தொகுப்பு) தான் இருக்கும். "நான் படிச்சிட்டேன், நீ லிஸ்ட்டை (படையில் எந்தெந்த யூனிட் என்ற பட்டியல்) மட்டும் பாரு" என்று ஒருவர் சொன்னாலே சிக்கல் ஆரம்பம். இருவரும் தனித்தனியாகப் படித்துவிட்டு, இந்தக் கேள்விகளுக்கு ஒரே பதில் சொல்கிறீர்களா என்று பாருங்கள்: கமாண்ட் பாயிண்ட் (ஆட்டத்தின் நடுவே சிறப்புச் சலுகைகளை எடுக்கச் செலவழிப்பது) இருவருக்கும் பொதுவா, தனியா? வார்லார்ட் (படைத் தலைவர்) ஆளுக்கு ஒருவரா, அணிக்கு ஒருவரா? கூட்டாளியின் யூனிட் நம் திறன்களுக்கு 'நட்பு யூனிட்' ஆகுமா? அவருடைய வண்டியில் நம் ஆட்கள் ஏறலாமா? செகண்டரி மிஷன் (கூடுதல் மதிப்பெண் தரும் வேலைகள்) அணிக்கு ஒரு தொகுப்பா, ஆளுக்கு ஒன்றா?

மூன்றாவது கேள்விதான் அதிகம் பேரைக் கவிழ்க்கிறது. பக்கத்தில் நிற்கும் யூனிட்களுக்கு ரீரோல் (டைஸை மீண்டும் உருட்டும் வாய்ப்பு) தரும் கேரக்டரை, அதாவது தனி வீரர் உருவத்தை, வாங்கி, அதை நண்பரின் பீரங்கிகளுக்கு நடுவே நிறுத்தத் திட்டம் போட்டு வருவார்கள். ஆனால் கூட்டாளியின் படைக்கு நம் திறன் எதுவும் எட்டாது என்று பேக்கில் ஒரு வரி இருக்கும். அந்தக் கேரக்டருக்குப் போட்ட பாயிண்ட் அத்தோடு வீண்.

இன்னொன்று பாயிண்ட் பட்டியல். யூனிட்களின் விலை வருடத்தில் சில முறை மாறுகிறது. ஒருவர் பழைய பட்டியலிலும் மற்றவர் புதியதிலும் கூட்டினால் ஒரு லிஸ்ட் 15 பாயிண்ட் கூடிப்போய்த் திரும்பி வரும். அனுப்பும் முன் ஒருவர் லிஸ்ட்டை மற்றவர் கூட்டிச் சரிபார்ப்பதே நல்லது. நம் கணக்கில் நம் கண்ணுக்குப் பிழை தெரியாது.

பெயிண்ட் விஷயத்தையும் சேர்த்துக் கேளுங்கள். மொத்தம் 100 மதிப்பெண்ணில் 10 பெயிண்ட் அடித்த படைக்கு. இரண்டு படைகளையும் ஒன்றாகக் கணக்கெடுக்கும் போட்டியில், உங்களுடையது பளபளவென்று இருந்தாலும் நண்பரின் ஐந்து உருவங்கள் வெறும் பிரைமரோடு (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) நின்றால் அந்த 10 இருவருக்கும் போய்விடும், அதுவும் ஒவ்வொரு ஆட்டத்திலும்.

ஆளுக்கொரு முழுப் படை கட்டுவது

வழக்கமாகத் தனியாக ஆடும் படையை அப்படியே 1000 பாயிண்டுக்குச் சுருக்கிக் கொண்டுவருவது இயல்பான ஆசைதான். அப்படிச் சுருக்கினால் இருவரிடமும் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக இருக்கும், எதுவும் போதுமான அளவு இருக்காது. ஆளுக்கு ஒரே ஒரு டேங்க் எதிர்ப்பு யூனிட் வைத்திருந்தால் எதிரணி இரண்டாவது டர்னுக்குள் (ஓர் அணி ஆடும் முறை) இரண்டையும் தூக்கிவிடும். மூன்றாவது டர்னிலிருந்து அவர்களுடைய கனரக வண்டிகளைத் தொட ஆளில்லை.

முதலில் 2000 பாயிண்டுக்கு ஒரே படையாக யோசியுங்கள். கனரக வண்டியை உடைக்கக் கூடியவை குறைந்தது மூன்று. அப்ஜெக்டிவில் (பிடித்தால் மதிப்பெண் தரும் இடம்) போய் உட்காரவும் மிஷன் வேலைகளைச் செய்யவும் மலிவான யூனிட்கள் நான்கைந்து. நடுவில் நின்று அடி வாங்கும் கனமான யூனிட் ஒன்றிரண்டு. அதற்குப் பிறகு எது யார் படையில் வரும் என்று பிரியுங்கள். பிரிக்கும்போது எதிர்க்கோடிக்கும் போய்விடக் கூடாது. டேங்க் உடைப்பவை எல்லாம் ஒருவரிடமும் காலாட்படை முழுவதும் மற்றவரிடமும் இருந்தால், முதலாமவர் மூன்றாவது ரவுண்டில் (இரு அணிக்கும் ஒரு டர்ன் சேர்ந்தது ஒரு ரவுண்டு) கைகட்டி நிற்பார். தோல்வியைவிட அந்தச் சலிப்புதான் அடுத்த போட்டிக்கு ஆளை வரவிடாமல் செய்கிறது. நண்பரை நண்பராகவே வைத்திருக்க, கடைசி ரவுண்டு வரை அவருக்கும் நகர்த்த ஏதாவது இருக்க வேண்டும்.

"நீ இடது, நான் வலது"

டபுள்ஸில் மிகப் பரவலான தவறு இதுதான். 60-க்கு 44 அங்குல மேசையை நடுவில் கோடு கிழித்ததுபோல் பிரித்து, ஆளுக்கொரு பாதியில் படையை நிறுத்துவார்கள். வசதியாகத்தான் இருக்கும், யாரும் யார் வழியிலும் குறுக்கிட வேண்டாம். எதிரணிக்குக் கொஞ்சம் அனுபவம் இருந்தால் அவர்கள் இருவரும் ஒரே பக்கம் சாய்வார்கள். வலது பாதியில் அவர்களுடைய 2000 பாயிண்டுக்கு முன்னால் உங்களில் ஒருவருடைய 1000 நிற்கும். இடதில் இருப்பவர் உதவிக்கு வர 6 அங்குல நடையில் மூன்று டர்ன் ஆகும். வந்து சேரும்போது அங்கே காப்பாற்ற ஒன்றும் மிஞ்சியிருக்காது.

படைகளைக் கலந்து நிறுத்துங்கள். இருவருக்கும் இரண்டு பக்கமும் ஆள் இருக்கட்டும். நீண்ட தூரம் சுடுபவை, வேகமாக ஓடுபவை ஆகியவற்றை நடுவில் வைத்தால் எந்தப் பக்கமும் சாய முடியும்.

ஆனால் கலந்து நிறுத்தும்போதுதான் நெரிசல் வரும். ஒரு காட்சியைப் பாருங்கள். இரண்டு இடிந்த கட்டடங்களுக்கு நடுவே ஐந்து அங்குலச் சந்து. நீங்கள் உங்கள் டேங்கை அதன் வாயில் நிறுத்துகிறீர்கள். நண்பரும் அதே சந்தை நம்பித் தன் டேங்கைப் பின்னால் நிறுத்துகிறார். காலாட்படை இடிபாட்டின் சுவரைக் கடந்துபோகலாம், டேங்க் போக முடியாது. நம் சொந்த அணியின் இன்னொரு டேங்கையும் அது ஊடுருவிப் போக முடியாது. எதிரணி மலிவான ஒரு யூனிட்டை ஓட்டிவந்து முன் டேங்கோடு சண்டையில் சிக்க வைக்கிறது. இரண்டு டேங்கும் அங்கேயே நிற்கின்றன. பின்னால் இருப்பதற்குச் சுடக் கோணமும் கிடைக்காது. அறுபது எழுபது பாயிண்ட் யூனிட் ஒன்று உங்கள் அணியின் இரண்டு பெரிய வண்டிகளைக் கட்டிப்போட்டுவிட்டது.

தவிர்க்க இரண்டு நிமிடம் போதும். படை இறக்கும் முன், மேசையில் வண்டி போகக்கூடிய ஒவ்வொரு சந்தையும் விரலால் காட்டி இது யாருடையது என்று சொல்லிக்கொள்ளுங்கள். ஒரு சந்துக்கு ஒரு வண்டிதான். யூனிட்டை மாற்றி மாற்றி இறக்கும் மிஷனாக இருந்தால் முதலில் இருவருடைய மலிவான யூனிட்களையும் இறக்கிவிட்டு, பெரியவற்றை எதிரணி எங்கே நிறுத்துகிறது என்று பார்த்த பிறகு இறக்குங்கள்.

பொது உண்டியலைத் தனிப்பையாக நினைப்பது

கமாண்ட் பாயிண்ட் அணிக்குப் பொதுவாக இருந்தால், நம் கமாண்ட் ஃபேஸில் (ஃபேஸ் என்பது டர்னின் ஒரு கட்டம்) ஒன்று, எதிரணியுடையதில் ஒன்று என ஐந்து ரவுண்டுக்கு மொத்தம் 10 வரும். தனி ஆட்டத்தில் பழகிய கை ஒரு சேவ் (அடியைத் தடுக்கும் உருட்டல்) தவறியதும் "ரீரோல்" என்று சொல்லிவிடும். நண்பரைக் கேட்கவே தோன்றாது. இப்படிக் கமாண்ட் பாயிண்ட் கொடுத்து எடுக்கும் சலுகைக்கு ஸ்ட்ராடஜம் என்று பெயர். ஒரே ஸ்ட்ராடஜத்தை ஒரு ஃபேஸில் ஒரு முறைதான் எடுக்கலாம் என்பதால் பாயிண்ட் மட்டுமல்ல, வாய்ப்பும் போய்விடுகிறது.

சார்ஜ் ஃபேஸில் இது நன்றாகத் தெரியும். சார்ஜ் என்பது எதிரியோடு மோதப் பாய்வது, இரண்டு டைஸின் கூட்டல் அந்தத் தூரத்தை எட்ட வேண்டும். நண்பருக்கு 5 அங்குல சார்ஜ். இரண்டு டைஸில் 83 சதவீதம் கிடைக்கும். உங்களுக்கு 8 அங்குலம், 42 சதவீதம். அப்ஜெக்டிவைப் பிடிக்கப்போவது உங்கள் சார்ஜ்தான். நண்பர் முதலில் உருட்டி, 4 விழுந்து, ஆதங்கத்தில் ரீரோலை எடுத்துவிட்டால் உங்கள் 8 அங்குலத்துக்கு ஒரே வாய்ப்புதான். உங்கள் சார்ஜை முதலில் உருட்டியிருந்தால் ரீரோலோடு சேர்த்து 66 சதவீதம் வரை இருந்திருக்கும். அது தேவைப்படாமலே 8 விழுந்தால் ரீரோல் நண்பருக்கு மிச்சம். முக்கியமானதை முதலில் உருட்டுங்கள். உண்டியல் ஒருவர் கையில் இருக்கட்டும், மற்றவர் கேட்டு வாங்கட்டும். 10 டோக்கன்களைத் தட்டில் வைத்து, எடுக்கும்போது ஒன்றை நகர்த்தினால் இருவர் கண்ணுக்கும் மிச்சம் தெரியும்.

இருவர் டைஸையும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டிய திட்டமும் ஆபத்துதான். "உன் 7 அங்குல சார்ஜும் என் 7 அங்குல சார்ஜும் கிடைத்தால் நடுவைப் பிடித்துவிடலாம்" என்பது காதுக்கு நன்றாக இருக்கிறது. ஒன்றுக்கு 58 சதவீதம், இரண்டும் சேர்ந்து கிடைக்க 34 சதவீதம்தான். ஒன்று கிடைத்தாலே போதும் என்கிற மாதிரித் திட்டம் போடுங்கள்.

இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் உருட்டுவது

நேரம் மிச்சமாகும் என்று இருவரும் ஒரே சமயம் சுட ஆரம்பிப்பார்கள். எதிரணி இரண்டு டைஸ் குவியலையும் ஒருசேரப் பார்க்க முடியாது, சந்தேகம் கிளம்பும். அதைவிடப் பெரிய நஷ்டம், வரிசை குலைவது. ஆட்களை ஏற்றிய ஒரு டிரான்ஸ்போர்ட் வண்டி எதிரே நிற்கிறது என்று வையுங்கள். உங்களிடம் வண்டியை உடைக்கும் துப்பாக்கி, நண்பரிடம் காலாட்படையைக் குவியலாகச் சாய்க்கும் துப்பாக்கி. நீங்கள் முதலில் வண்டியை உடைத்தால் உள்ளே இருந்தவர்கள் வெளியே இறங்குவார்கள், நண்பர் அவர்களை அதே ஃபேஸில் சாய்க்கலாம். அவர் முந்திக்கொண்டு வேறு எதையாவது சுட்டிருந்தால், இறங்கியவர்கள் அடுத்த டர்னில் உங்கள் முன்வரிசையில் இருப்பார்கள். சுடும் ஃபேஸ் தொடங்கும் முன் வரிசையை ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள்: முதலில் எது, அது தவறினால் அடுத்து எது.

ஒருவர் உருட்டும்போது மற்றவர் சும்மா நிற்கக் கூடாது. அவருக்கு வேலை இருக்கிறது: அடுத்த யூனிட்டின் தூரத்தை அளந்து வைப்பது, ஸ்கோர் எழுதுவது, மறந்துபோகும் திறன்களை நினைவூட்டுவது. ஒரு கை உருட்ட, ஒரு கண் காவல் இருந்தால் டர்ன் பாதி நேரத்தில் முடியும்.

கடிகாரத்தைக் கோட்டை விடுவது

மூன்று மணி நேர ஆட்டம் என்றால் மிஷன், டெர்ரெய்ன் (மேசையில் இருக்கும் கட்டடம், இடிபாடு), டிப்ளாய்மென்ட் (படை இறக்குவது) என்று 20 நிமிடம் போனபின் மீதி 160. அணிக்கு 80. ஐந்து டர்னுக்குச் சமமாகப் பிரித்தால் டர்னுக்கு 16 நிமிடம். ஆனால் முதல் டர்னில் எல்லா யூனிட்டும் உயிரோடு இருக்கும், அதனால் 22, 20, 16, 12, 10 என்று வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும். பத்து யூனிட் இருக்கும் படையில் யூனிட்டுக்கு ஒரு நிமிடம் கலந்து பேசினாலே பத்து நிமிடம் போய்விட்டது, இன்னும் ஒரு உருவமும் நகரவில்லை.

பேச வேண்டியதை எதிரணியின் டர்னில் பேசுங்கள். உங்கள் டர்ன் தொடங்கும்போது ஒரு நிமிடம் போதும்: இந்த டர்னில் எந்த இரண்டு அப்ஜெக்டிவ், எந்த ஒரு எதிரி யூனிட். கருத்து ஒத்துவராவிட்டால் யார் சொல்வது நடக்கும் என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். ரவுண்டுக்கு ஒருவர் என்று மாற்றிக்கொள்ளலாம், அல்லது யாருடைய யூனிட்டோ அவருடையதே கடைசி வார்த்தை என்று வைக்கலாம். எந்த முறையும் சரி, மேசையில் நின்று வாதாடுவதைவிட மேல்.

எதிரணியிடம் விதி பேசுவதும் ஒருவராகவே இருக்கட்டும். "இந்த மாடல் சுவருக்குப் பின்னால் முழுசா மறைஞ்சிருக்கு, சரிதானே?" என்று ஒருவர் கேட்டு ஒப்புதல் வாங்கிய பிறகு, மற்றவர் "இல்லையே, கை தெரியுதே" என்றால் நம்பிக்கை போய்விடும். சந்தேகம் இருந்தால் கேட்பதற்கு முன் தோழரிடம் சொல்லுங்கள்.

ஒத்திகை இல்லாமல் போவது

குறைந்தது இரண்டு ஒத்திகை ஆட்டம் வேண்டும், இரண்டும் கடிகாரத்தோடு. அதில் ஒன்றில் படைகளை மாற்றிக்கொண்டு ஆடுங்கள். நண்பரின் யூனிட் எவ்வளவு தூரம் ஓடும், எதைத் தாங்கும் என்று கை பழகினால்தான் மேசையில் கேள்விகள் குறையும். போல்ட் ஆக்‌ஷன் மாதிரிப் பையிலிருந்து ஆர்டர் டைஸ் (அடுத்து எந்த அணி ஒரு யூனிட்டை இயக்கும் என்று சொல்லும் டைஸ்) எடுத்து ஆடும் ஆட்டத்தில் இது இன்னும் முக்கியம். டைஸ் அணிக்கு வந்ததும் எந்த யூனிட்டுக்குக் கொடுப்பது என்பதை இருவரும் உடனே சொல்ல வேண்டியிருக்கும்.

இருவரும் ஒரே ஃபேக்‌ஷன் (படை வகை), ஒரே நிறம் என்றால் உருவம் நிற்கும் பேஸின் அடியில் மெல்லிய கோடாக ஆளுக்கொரு வண்ணம் தீட்டிவிடுங்கள். செத்த உருவங்களுக்குத் தனித்தனித் தட்டு வையுங்கள், டைஸும் வேறு வேறு நிறத்தில் இருக்கட்டும். ஆட்டம் முடிந்ததும் முதலில் நான்கு பேரும் சேர்ந்து ஸ்கோர் ஷீட்டைப் பார்த்து ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு தட்டில் இருப்பவற்றை எண்ணுங்கள். காலையில் 43 உருவங்களோடு வந்திருந்தால், அடுத்த மேசைக்கு நகரும் முன்பும் 43 இருக்க வேண்டும்.