எக்ஸ்ஆர்டியில் பீக் அகலம் சீராக இல்லையா? எந்தப் பீக் என்று முதலில் பாருங்கள்

எக்ஸ்ஆர்டி (எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு) வரைபடம் முழுவதையும் படிகக் கட்டமைப்பிலிருந்து கணக்கிட்டுப் பொருத்துவது ரீட்வெல்ட் ஃபிட். அதில் ஒரு பீக் கச்சிதமாகப் பொருந்தும், பக்கத்துப் பீக் பொருந்தாது. அளந்ததிலிருந்து கணக்கிட்டதைக் கழித்த வித்தியாசக் கோட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். நடுவில் மேல்நோக்கிய கூர், இருபுறமும் பள்ளம் என்றால் அளந்த பீக் கணக்கிட்டதைவிடக் கூர்மையானது. தலைகீழாக இருந்தால் அளந்தது அகலமானது. அடுத்தடுத்த பீக்குகளில் இரண்டும் மாறி மாறி வந்தால் அகலம் கோணத்தை மட்டுமல்ல, படிகத் திசையையும் சார்ந்திருக்கிறது. அப்போது யு, வி, டபிள்யு மதிப்புகளை எவ்வளவு திருகினாலும் பயனில்லை. அவை கோணத்தோடு சீராக மாறும் அகலத்தை மட்டுமே தரும்.

முதலில் கருவியின் பங்கைப் பிரியுங்கள். அதே ஸ்லிட்கள், அதே ஆப்டிக்ஸ் வைத்து பீக் அகலத்துக்கான தர மாதிரியான லாந்தனம் ஹெக்ஸாபோரைடை அளந்து, கிடைத்த கருவி மதிப்புகளைப் பூட்டிவிடுங்கள். உங்கள் மாதிரியின் மிகக் கூர்மையான பீக்கில், அரை உயரத்துக்கு மேல் குறைந்தது 5 புள்ளிகளாவது வேண்டும். தாழ்கோணப் பீக்குகள் எல்லாமே இடப்பக்கம் வால் நீட்டினால் அது அச்சுவழி விரிவின் (கதிர் கருவியின் அச்சுத் திசையில் விரிவதன்) வேலை. திசை சார்ந்த அகலத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். விருப்ப ஒழுங்கமைவும் (துகள்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படிவது) வேறு சங்கதி. அது செறிவை மாற்றும், அகலத்தை மாற்றாது.

அடுத்து லெ பெய்ல் ஃபிட். செறிவுகளை இது கட்டமைப்பிலிருந்து கணக்கிடாததால், இதிலும் பொருந்தாதவை அகலம், வடிவம், இடம் சார்ந்த பிழைகளே. பிறகு தனித்து நிற்கும் பீக்குகளின் அகலங்களை மில்லர் எண்களோடு (100, 002 போலப் படிகத் தளத்தைக் குறிப்பவை) பட்டியலிடுங்கள். காரணம் பெரும்பாலும் இந்தப் பட்டியலிலேயே தெரிந்துவிடும்.

துத்தநாக ஆக்சைடை எடுத்துக்கொள்வோம். தாமிரக் கதிரில் 100 பீக் 31.8°, 002 பீக் 34.4°, 101 பீக் 36.3° அருகே வரும். கோணங்கள் இவ்வளவு நெருக்கம் என்பதால் கருவியால் பெரிய வேறுபாடு வராது. 002 கூர்மையாகவும் 100 அகலமாகவும் 101 இடையிலும் இருந்தால் படிகங்கள் சி அச்சில் நீண்ட ஊசிகள். 002 அகலமானால் தகடுகள். இதற்கு சி அச்சை வைத்து இரண்டே மதிப்புகள் கொண்ட அளவு மாதிரி போதும். ஜிசாஸ்-2 நிரலில் அதன் பெயர் யூனியாக்ஸியல்.

அகலத்துக்குக் காரணம் படிகத்தின் அளவா, திரிபா (தள இடைவெளிகள் சிறிது மாறுபடுவது) என்று முடிவு செய்ய ஒரே திசையின் இரு வரிசைகளை ஒப்பிடுங்கள்: 002, 004 போல. கருவி அகலத்தைக் கழித்தபின், அகலத்தை கொசைன் தீட்டாவால் பெருக்கினால் இரண்டும் சமமா? காரணம் அளவு. டேன் தீட்டாவால் வகுத்தால் சமமா? காரணம் நுண்திரிபு.

திரிபு என்றால் ஸ்டீஃபன்ஸ் 1999-இல் தந்த, திசைக்குத் திசை மாறும் திரிபுக்கான மாதிரி கைகொடுக்கும். கனசதுரத்துக்கு 2 கெழுக்கள், அறுகோணத்துக்கு 3, நாற்கோணத்துக்கு 4, ஆர்த்தோராம்பிக்குக்கு 6, மோனோகிளினிக்குக்கு 9, டிரைகிளினிக்குக்கு 15. எல்லாத் திசையிலும் சீரான திரிபை முதலில் நிலைப்படுத்திவிட்டு இவற்றைத் திறக்கவும். திரிபுப் பரப்பை வரைந்து பாருங்கள்; ஏதாவது திசையில் எதிர்ம மதிப்பு வந்தால், ஃபிட் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஏற்காதீர்கள். மோனோகிளினிக்கில் 9 கெழுக்களையும் தாங்கும் அளவுக்குத் தனித்த பீக்குகள் பெரும்பாலும் இருக்காது.

இந்த மாதிரியின் ஆபத்து, அது தவறான சமச்சீரையும் மூடி மறைத்துவிடும் என்பதுதான். கனசதுரம் என்று நினைத்த பொருளில் 200, 400 அகலமாகி 111, 222 கூர்மையாக இருந்தால் அது பிரிந்தும் பிரியாத நாற்கோணமாக இருக்கலாம். எதிர்மாறாக இருந்தால் ராம்போஹெட்ரல். குறைந்த சமச்சீரில் ஒருமுறை ஃபிட் செய்து பார்க்காமல் கெழுக்களைத் தொடாதீர்கள்.

அடுக்குப் பிழைகள் (அணு அடுக்குகள் வரிசை தவறி அமைவது) தரும் அகலம், திசையோடு சீராக மாறும் எந்த நீள்வட்ட வடிவ மாதிரிக்கும் அடங்காதது. அறுகோணக் கோபால்ட்டில் 100, 002, 110 கூர்மையாக இருக்க, 101, 102 பரந்துவிடும். எஃப்சிசி (முகமையக் கனசதுர) உலோகங்களில் 200 பீக் 111-ஐவிட அகலமாகும். மீட்சித்தன்மை திசைக்குத் திசை மாறுவதாலும் அப்படி ஆகலாம். பீக் இடத்தைப் பாருங்கள்: சிதைவால் வந்த அடுக்குப் பிழை என்றால் 111-உம் 200-உம் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்திருக்கும். பிழைகள் அதிகமாக இருந்தால் ரீட்வெல்ட்டை விட்டுவிட்டு, டிஃபேக்ஸ் அல்லது ஃபால்ட்ஸ் நிரலில் அடுக்குகளாகவே கணக்கிடுங்கள்.