லைக் ஏறுகிறது, விற்பனை ஏறவில்லை: சிறுதொழில் நடத்துவோர் இணையத்தில் செய்யும் தவறுகள்

சமூக ஊடகத்தில் தொழிலுக்கென ஒரு பக்கம் தொடங்கியவுடன் கண் போகும் இடம் பின்தொடர்வோர் எண்ணிக்கை. அது நூறைத் தாண்டாமல் நிற்கும்போது, ஆயிரம் பேரைச் சேர்த்துத் தருவதாக யாராவது வருவார்கள். பலர் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து கட்டாதீர்கள். ஒரு பதிவைப் பார்ப்பவர்கள் அதில் எவ்வளவு ஆர்வம் காட்டுகிறார்கள் என்பதை வைத்தே அதை மேலும் யாரிடம் கொண்டுபோவது என்று தளம் முடிவு செய்கிறது. காசுக்கு வந்த போலிக் கணக்குகள் எதையும் பார்ப்பதில்லை. உண்மையான வாடிக்கையாளரை எட்டும் முன்பே உங்கள் பதிவு அடங்கிப்போகிறது. போதாக்குறைக்கு, இப்படிச் சேர்ந்த போலி லைக்குகளையும் பின்தொடர்வோரையும் நீக்கப்போவதாக இன்ஸ்டாகிராம் 2018-ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது.

விளம்பரத்திலும் இதே மயக்கம்தான். பணம் கட்டிப் பதிவை மேலும் பலருக்குக் காட்டச் சொல்லும் 'பூஸ்ட்' பொத்தானை அழுத்தும்போது உங்களுக்கு எது வேண்டும் என்று தளம் கேட்கும். லைக் வேண்டும் என்றால், எதைப் பார்த்தாலும் லைக் போடுகிறவர்களாகத் தேடிப்பிடித்துக் காட்டும். கேட்டதைத்தான் அது கொடுக்கிறது. செய்தி அல்லது தொலைபேசி அழைப்பு வர வேண்டும் என்று இலக்கு வையுங்கள். உங்களால் பொருளையோ சேவையையோ கொண்டு சேர்க்க முடிகிற பகுதியை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

எனக்கு மிகுந்த வருத்தம் தருவது "விலைக்கு இன்பாக்ஸில் வாருங்கள்" என்ற வரி. பொருளைப் பார்த்து ஒருவருக்கு ஆசை வந்துவிட்டது. இரவு பதினொரு மணிக்கு விலை கேட்கிறார். மறுநாள் மதியம் பதில் போகிறது. அதற்குள் விலையை வெளிப்படையாகப் போட்டிருந்த வேறு ஒருவரிடம் அவர் வாங்கிவிட்டார். போட்டியாளருக்குத் தெரிந்துவிடும் என்று விலையை மறைக்கிறார்கள். அந்தப் போட்டியாளர் வாடிக்கையாளரைப்போல ஒரு செய்தி அனுப்பினாலே தெரிந்துகொள்வாரே! ஒவ்வொரு ஆர்டருக்கும் விலை மாறுமானால், எந்தத் தொகையில் தொடங்குகிறது, எதனால் கூடுகிறது என்று எழுதுங்கள். அளவு, கிடைக்கும் நாள், அனுப்பும் செலவு, திரும்பப் பெறும் முறை ஆகியவையும் அதே பதிவில் இருக்கட்டும். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் பொருள் பட்டியல் வைக்கலாம். நீங்கள் இல்லாத நேரத்தில் தானாகப் போகும் பதிலையும் எழுதி வைக்கலாம். இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

அதே வாட்ஸ்அப்பில் கையில் இருக்கும் எண்களையெல்லாம் கேட்காமல் ஒரு குழுவில் சேர்ப்பது பெரும் பிழை. ஒருவருடைய எண் முன்பின் தெரியாதவர்களுக்குப் போய்விடுகிறது. அவருக்குக் கோபம் வருவது நியாயம். ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் 'பிராட்காஸ்ட்' பட்டியல் இதைவிட நாகரிகமானது. ஆனால் உங்கள் எண்ணைத் தம் தொலைபேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். ஆகவே முதல் விற்பனையின்போதே எண்ணைச் சேமித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தினமும் ரீல்ஸ் போடுகிறவர்கள்கூடக் கூகுள் வரைபடத்தில் உள்ள தங்கள் விவரத்தைத் திறந்து பார்ப்பதில்லை. அங்கே தேடுகிறவர் பொழுதுபோக்க வந்தவர் அல்ல, வாங்க முடிவு செய்துவிட்டவர். பழைய தொலைபேசி எண்ணும் தவறான நேரமும் அவரைப் பூட்டிய கதவின் முன் நிறுத்திவிடும். விடுமுறை நாள் நேரத்தைத் தனியே குறிக்க அதில் வசதி இருக்கிறது. உறவினர்களைக்கொண்டு ஐந்து நட்சத்திரம் போட வைக்காதீர்கள்; அது விதிமீறல். மோசமான மதிப்புரை வந்தால் சண்டை வேண்டாம். என்ன நடந்தது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்று நான்கு வரி எழுதுங்கள். அதை இனி வாங்க நினைக்கும் எல்லோரும் படிப்பார்கள்.

எல்லாத் தளங்களிலும் கணக்கு திறந்து எதையும் கவனிக்காமல் விடுவதும் வேண்டாம். இரண்டு போதும்.

கடைசியாக, கணக்கு யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். உதவிக்கு வந்த ஊழியர் தம் சொந்த மின்னஞ்சலில் தொடங்கிக் கொடுத்திருப்பார். அவர் வேலையை விட்டுப் போகும்போது பல ஆண்டு உழைப்பும் கூடவே போய்விடும். மின்னஞ்சல் உங்களுடையதாக இருக்க வேண்டும்; நம்பகமான இன்னொருவரும் நிர்வாகியாக இருக்க வேண்டும்; கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு இயக்கத்தில் இருக்க வேண்டும். "காப்புரிமை மீறல், 24 மணி நேரத்தில் பக்கம் நீக்கப்படும்" என்று இணைப்போடு வரும் செய்தி பெரும்பாலும் கடவுச்சொல் திருடும் வலை. அதைத் தொடாதீர்கள்.

தளமே ஒருநாள் இல்லாமல் போகலாம். கூகுள் பொதுமக்களுக்காக நடத்திய கூகுள் பிளஸ் என்ற சமூக ஊடகம் 2019 ஏப்ரலில் மூடப்பட்டது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஒன்றாக முடங்கின. உங்களிடம் வாங்கியவர்களின் பெயர், எண், மின்னஞ்சல் ஆகியவற்றை அவர்கள் சம்மதத்தோடு தனியே ஒரு பட்டியலாக இன்றே எழுதத் தொடங்குங்கள்.