துரத்திய ஊர்களை எண்ணுங்கள்: ரக்கோவ்ஸ்கி பற்றிப் பதினைந்து நிமிடம் பேசுவது எப்படி

எங்கள் வாசகர் வட்டத்தில் 'அதிகம் பேசப்படாத ஒரு புரட்சிக்காரர்' என்று தலைப்புக் கொடுத்தார்கள், நான் சோவியத் தலைவர்களில் ஒருவராக இருந்த கிறிஸ்டியன் ரக்கோவ்ஸ்கியை எடுத்தேன். முதல் ஒத்திகை வீட்டுக் கூடத்தில். மாமனார் ஏழாவது நிமிடத்திலேயே தூங்கிவிட்டார். தப்பு அவர்மேல் இல்லை. பிறந்தார், படித்தார், பதவி வகித்தார் என்று நான்தான் பாடப் புத்தகம்போல அடுக்கியிருந்தேன். திருத்தி எழுதும்போது கற்றுக்கொண்டதை, இதே மாதிரி பேசப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் பதவிகளை ஓரம் கட்டுங்கள். இந்த மனிதரை யார் யார் வெளியே தள்ளினார்கள் என்று ஒரு தாளில் எழுதினால் போதும், கதை தானாக வந்துவிடும். 1873-ல் இன்றைய பல்கேரியாவில், கோத்தெல் பக்கம் கிராடெட்ஸ் என்ற ஊரில் பல்கேரியக் குடும்பத்தில் பிறந்தவர், அப்போது அது ஒட்டோமான் ஆட்சி. பள்ளியிலேயே கலகம் செய்து வெளியேற்றப்பட்டதால் 1890-ல் மருத்துவம் படிக்க ஜெனிவா போனார், அங்கே பிளக்கானோவ், ரோசா லக்சம்பர்க் போன்ற மார்க்சியவாதிகளின் பழக்கம். பெர்லினுக்கு மாறினார், அங்கிருந்தும் விரட்டினார்கள். கடைசியில் பிரான்ஸில் மோன்பெல்லியேவில் ஒருவழியாகப் பட்டம். ருமேனியாவில் 1907-ல் நடந்த விவசாயிகள் கலகத்துக்குப் பிறகு அந்த நாடு அவரை உள்ளே விடவில்லை, திரும்பி வர 1912 ஆயிற்று.

ருமேனியா எப்படி உள்ளே வந்தது என்று கூட்டத்தில் கண்டிப்பாகக் கேட்பார்கள். குடும்பத்தின் நிலம் கருங்கடல் ஓரத்துத் தொப்ருஜாவில், 1878 பெர்லின் ஒப்பந்தத்தில் அந்தப் பகுதி ருமேனியாவுக்குப் போனது. நான் இதை விளக்க என் தாத்தாவைத்தான் இழுத்தேன்: சிராங்கூன் ரோட்டை விட்டு நகராமலே பிரிட்டிஷ், ஜப்பான், மலேசியா, சிங்கப்பூர் என்று நான்கு கொடி பார்த்தவர். உடனே புரிந்துவிட்டது.

தேடும்போது பெயர் படுத்தும். பிறந்தபோது கிறஸ்தியோ ஸ்தான்சேவ். பல்கேரிய விடுதலை வீரர் கியோர்கி ரக்கோவ்ஸ்கி அவருக்கு உறவு, அந்தப் பெயரைப் பின்னால் எடுத்துக்கொண்டார். ஆங்கில எழுத்தில் நடுவில் கே, ருமேனிய எழுத்தில் சி, கடைசியில் ஒய் அல்லது ஐ, எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய நாளிதழ்த் தொகுப்பு இணையத்தில் இலவசம், அதில் 1927 அக்டோபரில் இருந்து தொடங்கினால் நல்லது. விக்டோரியா ஸ்திரீட் நூலகத்தின் மேல்மாடிப் புத்தகங்களை இரவல் தரமாட்டார்கள், அங்கேயே உட்கார்ந்து குறிப்பெடுக்க வேண்டும், குளிருக்கு ஒரு ஸ்வெட்டர் வேண்டும்.

தேதிகளும் அப்படித்தான். 1905-ல் பொட்டெம்கின் என்ற ரஷ்யப் போர்க்கப்பலின் கலகக்காரர்கள் ருமேனியத் துறைமுகமான கோன்ஸ்தான்ட்சாவில் சரணடைந்தபோது அவர்களுக்கு உதவியவர்களில் இவர் ஒருவர். ஒரு புத்தகம் ஜூன் 25 என்கும், இன்னொன்று ஜூலை 8 என்கும். இரண்டும் சரி, பழைய நாட்காட்டிக்கும் புதியதற்கும் அந்த நூற்றாண்டில் 13 நாள் வித்தியாசம். ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை அதிலேயே போங்கள்.

உக்ரைன் சோவியத் அரசுக்கு 1919 முதல் 1923 வரை தலைமை, அப்புறம் லண்டன், பாரிஸ் தூதர் பணி, இதையெல்லாம் ஒரு நிமிடத்தில் முடியுங்கள். 1927-ல், ஸ்டாலினை எதிர்த்த ட்ரொட்ஸ்கி அணியின் அறிக்கையில் கையெழுத்துப் போட்டதைக் காட்டி பிரான்ஸ் 'இவர் வேண்டாம்' என்றது, டிசம்பரில் சொந்தக் கம்யூனிஸ்ட் கட்சியும் தள்ளிவிட்டது. பேச்சின் பாதியை நான் இங்கேதான் வைத்தேன். அஸ்திரகானுக்கு நாடு கடத்தப்பட்டவர், 1928-ல் அங்கிருந்து ஒரு கடிதம் எழுதுகிறார்: ஆட்சியைப் பிடித்த வர்க்கத்துக்குள் நிர்வாக வேலை பார்ப்பவர்கள் தனியாகப் பிரிகிறார்கள், வேலைப் பிரிவாக ஆரம்பித்தது சமூகப் பிரிவாகிவிடுகிறது என்று. வேறு எதையும் படிக்க நேரமில்லை என்றால் அந்தக் கடிதத்தையாவது படித்துவிட்டுப் போங்கள். 1934-ல் அவரே பணிந்து கட்சிக்குத் திரும்பியதையும் மறைக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. இவரை விசாரித்தபோது வங்கிக்காரர்களின் உலகச் சதியை ஒப்புக்கொண்டார் என்று ஒரு நீண்ட 'உரையாடல்' வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஸ்பெயினில் அச்சாகி வந்த போலி அது. யார் அனுப்பினாலும் தொடாதீர்கள், மாமாவே அனுப்பினாலும் சரி.

திருத்திய பேச்சுக்கு மாமனார் தூங்கவில்லை. 'அப்போ ஜப்பான்காரனுக்கு உளவு பார்த்தானா இல்லையா?' என்றார். உங்களிடமும் கேட்பார்கள், பதிலை மனப்பாடமாக வைத்திருங்கள்: 1934-ல் சோவியத் செஞ்சிலுவைக் குழுவோடு டோக்கியோ போனார், 1938 மார்ச்சில் ஸ்டாலின் ஆட்சி நடத்திய மாஸ்கோ வழக்கில் அந்தப் பயணத்தையே குற்றமாக்கினார்கள், விசாரணையில் அவரும் ஒப்புக்கொண்டார். குற்றம் சாட்டப்பட்ட 21 பேரில் 18 பேருக்கு மரணம், இவருக்கு 20 வருடம். ஜெர்மன் படை நெருங்கிய நேரத்தில், 1941 செப்டம்பர் 11 அன்று, ஓரியோல் பக்கத்துக் காட்டில் சுட்டுக் கொன்றார்கள். உளவாளி இல்லை என்று சோவியத் அரசே 1988-ல் எழுதிக் கொடுத்தது.