பின் ஆக்சிலுக்கு லாக்கர் வாங்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு பின்சக்கரம் சேற்றை வாரி இறைத்தபடி சுழலும். மறுபக்கச் சக்கரம் கெட்டித் தரையில் அசையாமல் நிற்கும். ஒருமுறை இப்படி மாட்டிக்கொண்டவருக்கு, இரு பின்சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் லாக்கர் மேல் ஆசை வந்தே தீரும், அது நியாயமான ஆசையும்கூட. வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் தேடுவது 'எந்த கம்பெனி லாக்கர் நல்லது' என்பதைத்தான். அதற்கு முன்பே விடை தெரிந்திருக்க வேண்டிய கேள்விகள் இரண்டு உண்டு. இந்த வண்டி அதிக நேரம் எங்கே ஓடுகிறது? அதன் பின் ஆக்சில் எவ்வளவு தாங்கும்? இவற்றைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் சக்கரத்தைச் சுற்றும் ஆக்சில் ஷாஃப்ட்டை உடைத்துக்கொண்டு காட்டுக்குள் நிற்கிறார்கள்.

வேலை தெரியாமல் வாங்குவது

சாதாரண டிஃபரன்ஷியல் (எஞ்சின் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் கியர் தொகுதி), சுழலும் சக்கரத்துக்கு எல்லா முறுக்குவிசையையும் கொடுத்துவிடுகிறது என்று பலர் சொல்கிறார்கள். அது சரியல்ல. அது இரு பக்கமும் எப்போதும் சமமாகத்தான் கொடுக்கிறது. சேற்றில் இருக்கும் சக்கரம் 200 நியூட்டன் மீட்டருக்கு மேல் பிடிமானம் தராவிட்டால், கெட்டித் தரையில் இருக்கும் சக்கரத்துக்கும் ஏறக்குறைய அந்த 200தான் கிடைக்கும். சிக்கலே இந்தச் சமத்துவத்தில் இருக்கிறது. லாக்கர் இரண்டு ஷாஃப்ட்டையும் ஒன்றாகப் பூட்டி, இரு சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுற்ற வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது. பிறகு எந்தச் சக்கரத்துக்குப் பிடிமானம் இருக்கிறதோ விசை அங்கே போய்ச் சேர்கிறது.

இது புரிந்தால் அடுத்த குழப்பமும் தெளிந்துவிடும். லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், அதாவது எல்எஸ்டி, லாக்கர் ஆகாது. கிளட்ச் பிளேட் வைத்த எல்எஸ்டி ஓரளவு இழுத்துப் பிடிக்கும், ஆனால் பிளேட் தேயத் தேய அந்தப் பிடி தளரும். டோர்சன் போன்ற கியர் வகை, பிடிமானம் குறைந்த சக்கரம் தாங்குவதைப் போல இத்தனை மடங்கு என்று மறுசக்கரத்துக்குக் கொடுக்கிறது. அந்த விகிதம் மூன்று என்றால், வழுக்கும் சக்கரம் 100 தாங்கும்போது மற்றது 300 பெறும். வழுக்கும் சக்கரம் தரையைவிட்டு எழும்பி அந்தரத்தில் நின்றால்? பூஜ்யத்தின் மூன்று மடங்கும் பூஜ்யம்தான். பிரேக்கை லேசாக அழுத்தி அந்தச் சக்கரத்துக்குச் செயற்கையாக ஒரு தடையைக் கொடுத்தால் கொஞ்சம் விசை மறுபக்கம் வரும். மணல், சரளை, மழைச் சாலை என்று ஓடும் வண்டிக்கு இந்த வகை எனக்கு மிகவும் பிடிக்கும். பாறைகளுக்கு நடுவே ஒரு சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு ஏறும் வண்டிக்கு இதை வாங்கித் தருவது ஏமாற்றத்தை வாங்கித் தருவதுதான்.

தினம் ஓட்டும் வண்டிக்கு ஆட்டோமேட்டிக் லாக்கர்

விலை குறைவு, சுவிட்ச் இல்லை, வயர் இல்லை, காற்றுக் குழாய் இல்லை. டெட்ராய்ட் லாக்கர் போன்ற ஆட்டோமேட்டிக் வகைகளுக்கு ஆட்கள் மயங்குவது இதனால்தான். உறுதியிலும் அவற்றைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அவற்றின் இயல்பு நிலையே பூட்டிய நிலை என்பதை வாங்குபவர் உணர்ந்திருக்க வேண்டும். வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் வேகமாக ஓட வேண்டும் அல்லவா? அப்போது மட்டும் அந்தப் பக்கத்துப் பற்கள் கழன்று 'டக் டக்' என்று தாண்டி ஓட விடுகின்றன. அதாவது, ஆக்ஸிலரேட்டரை மிதித்தபடி வளைந்தால் உள்பக்கச் சக்கரம் மட்டுமே வண்டியைத் தள்ளுகிறது. காலை எடுத்தால் எஞ்சின் பிரேக்கிங் வெளிப்பக்கச் சக்கரத்துக்கு மாறிவிடுகிறது. நடுவளைவில் காலை எடுத்து மறுபடி மிதிக்கும்போது வண்டியின் பின்பக்கம் ஒரு பக்கமாக வெட்டி இழுப்பது இதனால்தான்.

நீளமான வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்), ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ள வண்டியில் இந்த வெட்டல் அடங்கிப் போகும். குட்டையான வீல்பேஸும் மேனுவல் கியரும் சேர்ந்த வண்டியில், ஈரச் சாலையில், அது பயமுறுத்தும். குடும்பத்தில் வேறு யாராவது அதே வண்டியை ஓட்டுவார்கள் என்றால் இதை மிகவும் யோசித்தே முடிவெடுங்கள். பழகிய கைக்குத் தெரிந்த இழுப்பு, பழகாத கைக்கு விபத்தாக முடியலாம்.

இன்னொன்று. இவ்வகை லாக்கர் இருந்தால் பின்டயர் இரண்டும் ஒரே அளவு, ஒரே தேய்மானம், ஒரே காற்றழுத்தத்தில் இருக்க வேண்டும். ஒன்று புதிது, ஒன்று தேய்ந்தது என்று மாட்டினால் நேர்ச்சாலையிலேயே லாக்கர் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்.

பக்கவாட்டுச் சரிவைப் பற்றியும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் வழுக்கிச் சுழன்றாலும் மற்றது தரையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கத்தை நிறுத்தி வைக்கும். பூட்டிய ஆக்சிலில் இரண்டும் சேர்ந்து வழுக்கும், வண்டியின் பின்பக்கம் சரிவில் கீழ்நோக்கி நழுவும். ஈரமான களிமண் சரிவில் ஒருமுறை என் வண்டி அப்படி இறங்கியது. சுவிட்சை அணைத்த பிறகுதான் நின்றது. அணைக்க ஒரு சுவிட்ச் இருந்தது. அதிலிருந்து, சாலையும் காடும் கலந்து ஓடும் வண்டிக்கு, வேண்டும்போது மட்டும் பூட்டும் வகையையே நான் சொல்லி வருகிறேன்.

கியர்களை வெல்டிங் செய்து நிரந்தரமாகப் பூட்டுவது சாலையில் ஓடும் எந்த வண்டிக்கும் வேண்டாம். டயர் தேயும், திருப்பம் கெடும், ஷாஃப்ட் ஒவ்வொரு வளைவிலும் முறுக்கப்படும்.

ஷாஃப்ட்டை மறப்பது

எனக்குத் தெரிந்து அதிகம் செலவு வைக்கும் தவறு இதுதான். ஒரு கணக்குப் போடுவோம். எஞ்சின் 300 நியூட்டன் மீட்டர், முதல் கியர் 4, லோ ரேஞ்ச் (நான்கு சக்கர இயக்க வண்டியில் விசையைக் கூட்டும் கூடுதல் கியர்) 2.5, ஆக்சில் விகிதம் 4. பெருக்கினால் 12,000 நியூட்டன் மீட்டர். உராய்வு இழப்பை விட்டுவிடுங்கள். சாதாரண டிஃபரன்ஷியல் இருக்கும்வரை ஒரு பின் ஷாஃப்ட் பார்க்கக்கூடிய உச்சம் இதில் பாதி, அதுவும் மறுசக்கரத்துக்கு அதே அளவு பிடிமானம் இருந்தால்தான். ஒரு வகையில் வழுக்கும் சக்கரமே ஷாஃப்ட்டுக்குப் பாதுகாப்பு ஃபியூஸ். லாக்கர் போட்டதும் அந்த ஃபியூஸ் போய்விடுகிறது. முன்சக்கரங்கள் ஏற்றத்தில் பிடிமானமின்றி, ஒரே ஒரு பின்சக்கரம் பாறையிடுக்கில் சிக்கி நின்றால், முழு விசையும் அந்த ஒரு ஷாஃப்ட்டில் வந்து விழலாம்.

இதன்மேல் பெரிய டயரும் போட்டிருப்பார்கள். 29 அங்குலத்திலிருந்து 35 அங்குலத்துக்குப் போனால், பிடிமானம் அதேதான் என்றாலும் நெம்புகோலின் நீளம், அதாவது டயரின் ஆரம், 20 சதவீதத்துக்கு மேல் கூடிவிடுகிறது. சக்கரம் வழுக்குவதற்கு முன்பு ஷாஃப்ட் தாங்க வேண்டிய சுமை அவ்வளவு கூடுகிறது.

முறுக்குவதைத் தாங்கும் வலிமை விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும். பத்து சதவீதம் தடிமனான ஷாஃப்ட் ஏறக்குறைய 33 சதவீதம் கூடுதல் வலிமை தரும். அதனால் லாக்கருக்கு ஒதுக்கிய பணத்தில் ஷாஃப்ட்டுக்கும் பங்கு வையுங்கள். முக்கியமாக, லாக்கரை ஆர்டர் செய்யும் முன்பே இதை முடிவு செய்ய வேண்டும். லாக்கரின் உள்பற்கள் ஷாஃப்ட் முனையிலுள்ள ஸ்ப்லைன் (நீளவாட்டுப் பற்கள்) எண்ணிக்கையோடு பொருந்த வேண்டும். 27 ஸ்ப்லைனுக்கு லாக்கர் வாங்கிவிட்டு, அடுத்த வருடம் தடித்த ஷாஃப்ட் போட நினைத்தால், லாக்கரையும் தூக்கிப்போட வேண்டியிருக்கும்.

உங்கள் ஆக்சில் ஷாஃப்ட்டை உள்ளே சி-கிளிப் என்ற ஒரு சிறு வளையம் மட்டுமே பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படியானால் ஷாஃப்ட் உடையும்போது சக்கரமே ஷாஃப்ட் துண்டோடு வெளியே வந்துவிடலாம். ஃபுல் ஃப்ளோட்டிங் ஆக்சிலில் வண்டியின் பாரத்தை ஹப் தாங்குவதால் சக்கரம் இடத்திலேயே இருக்கும்.

பெயரைச் சொல்லி ஆர்டர் செய்வது

வண்டியின் பெயரும் வருடமும் போதாது. ஒரே மாடலில் வேறு வேறு ஆக்சில்கள் வந்திருக்கும். ஆக்சிலின் பெயர் தெரிந்தாலும் விகிதம் தெரிய வேண்டும். உதாரணமாக, டேனா 44 என்ற ஆக்சிலில் 3.73 வரை ஒரு கேரியர் (டிஃபரன்ஷியல் கியர்களைத் தாங்கும் கூடு), 3.92க்கு மேல் வேறு கேரியர். காரணம் எளிது: விகிதம் உயர உயர பினியன் (எஞ்சின் விசையைக் கொண்டுவரும் சிறு கியர்) சிறுக்கிறது, அதை எட்ட கிரவுன் வீல் (கேரியரில் பொருத்திய பெரிய கியர்) நெருங்கி வர வேண்டும். எனவே பெரிய டயருக்காக விகிதத்தை மாற்றும் எண்ணம் இருந்தால் இரண்டையும் ஒரே தடவையில் செய்யுங்கள். டிஃபரன்ஷியலைத் திறந்து அளந்து மூடும் கூலிதான் பெரிது, அதை இரண்டு முறை கொடுக்க வேண்டாம்.

ஏபிஎஸ் சென்சார் எங்கே இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சில வண்டிகளில் அது படிக்கும் பல்சக்கரம் டிஃபரன்ஷியலுக்குள்ளேயே இருக்கிறது. புதிய கேரியரில் அதற்கு இடமில்லாவிட்டால் டாஷ்போர்டில் விளக்கு எரிந்தபடியே இருக்கும். நிரந்தரமாகவோ தானாகவோ பூட்டும் வகைகள், வண்டி வழுக்காமல் காக்கும் ஈஎஸ்பியையும் குழப்பலாம்.

பழைய கேரியரை வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் சிறு கியர்களை மட்டும் எடுத்துவிட்டுப் பொருத்தும் சிறு லாக்கர்கள் உண்டு. கிரவுன் பினியனைக் கலைக்க வேண்டியதில்லை என்பதால் மலிவு. சின்ன டயர், நிதானமான கால் உள்ளவருக்குப் போதும். ஆனால் பழைய கேரியரின் பலம்தான் அதன் பலம். கேரியர் தேய்ந்திருந்தால் தொடவே வேண்டாம்.

காற்றா, மின்சாரமா, கேபிளா?

மூன்றுமே நல்லவை. எது பழுதானால் உங்களால் சரிசெய்ய முடியும் என்பதை வைத்துத் தேர்ந்தெடுங்கள். காற்றில் இயங்குவது சட்டென்று பூட்டும், டயருக்குக் காற்றடிக்கவும் அதே கம்ப்ரசர் உதவலாம். ஆனால் குழாயும் ஓ-ரிங்கும்தான் அதன் உயிர். எனக்குப் பொருத்திக் கொடுத்த பட்டறையில் குழாயை சைலன்சருக்கு அருகே கட்டிவிட்டார்கள். இரண்டாவது பயணத்திலேயே உருகிவிட்டது. அன்றிலிருந்து வண்டியில் உதிரிக் குழாயும் இணைப்பான்களும் இல்லாமல் கிளம்புவதில்லை.

மின்சார வகையில் வயர் ஒன்றுதான், எளிது. ஆனால் சில வடிவமைப்புகள் முன்னேயிருந்து ரிவர்ஸுக்கு மாற்றும்போது ஒரு கணம் கழன்று மறுபடி பூட்டும். முன்னும் பின்னுமாக ஆட்டி வெளியேறுபவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். டாஷ்போர்டு விளக்கு, சுவிட்ச் போட்டதைக் காட்டுகிறதா அல்லது உண்மையில் பூட்டியதைக் காட்டுகிறதா என்றும் கேளுங்கள்.

பொருத்தும்போது மிச்சம் பிடிப்பது

கிரவுனுக்கும் பினியனுக்கும் இடையிலான பிளே (பற்களுக்கு நடுவே உள்ள சிறு ஆட்டம்) பல ஆக்சில்களில் 0.15 முதல் 0.25 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதை டயல் கேஜ் வைத்து அளக்காமல், பற்களில் சாயம் தடவித் தொடும் இடத்தைப் பார்க்காமல் மூடும் பட்டறையிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். எண்ணெய் விஷயத்தில் லாக்கர் செய்தவர் சொன்னதையே ஊற்றுங்கள். கிளட்ச் வகை எல்எஸ்டிக்கான கலவையை எல்லாவற்றுக்கும் சேர்ப்பது தேவையில்லாத பழக்கம்.

வண்டியை எடுக்கும் முன் பட்டறையிலேயே சோதித்துவிடுங்கள். முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்சக்கரம் இரண்டையும் ஸ்டாண்டில் தூக்கி, எஞ்சினை அணைத்து கியரில் விடுங்கள். ஹேண்ட் பிரேக் போட வேண்டாம். லாக்கர் அணைந்திருக்கும்போது ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினால் மற்றது எதிர்த்திசையில் சுற்றும். லாக்கரைப் போட்டால் எதுவும் அசையக் கூடாது. பிறகு நியூட்ரலுக்கு மாற்றிச் சுற்றினால் இரண்டும் ஒரே திசையில் வர வேண்டும். சுவிட்சைப் பத்து முறையாவது போட்டு அணைத்துப் பாருங்கள். ஒருமுறை தயங்கினாலும் அங்கேயே திறக்கச் சொல்லுங்கள்.