பாக்கின் கான்டாட்டா கேட்கப் பழக ‘இரத்தம் காயம் குத்தும்’ போதும்

ஜெர்மன் இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியான் பாக் எழுதிய தேவாலயக் கான்டாட்டாக்களில் (ஆராதனைக்காக வாத்தியங்களோடு பாடும், பல பகுதிகள் கொண்ட படைப்புகள்) இன்று கிடைப்பவை ஏறத்தாழ 200. எங்கள் சேலம் கொயரில் புதிதாகச் சேரும் பிள்ளைகள், “எதில் ஆரம்பிக்கலாம் அண்ணா?” என்று கேட்டால், தயவுசெய்து 1இலிருந்து வேண்டாம் என்பேன். பி.டபிள்யூ.வி. எண்கள், அதாவது பாக் படைப்புகளின் வரிசை எண்கள், 1950இல் ஒரு பட்டியலுக்காகப் போட்டவை. எழுதிய வரிசை அல்ல. நேராக 135க்குப் போங்கள்.

காரணம், அதன் மெட்டு உங்களுக்கு ஏற்கெனவே பாடம். தவக்காலமான லெந்து நாட்களில் பாடும் ‘இரத்தம் காயம் குத்தும்’ மெட்டேதான். (1601இல் ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் ஒரு காதல் பாட்டுக்குப் போட்டது. சபைப் பெரியவர்களிடம் சொல்ல வேண்டாம்.)

முதலில் கடைசிப் பகுதியான ஆறாவதைக் கேளுங்கள். நான்கு குரலில் எளிய கோரல், அதாவது சபைப் பாட்டு. கூடவே தமிழில் முணுமுணுக்கலாம். மெட்டு காதில் நின்றதும் முதல் பகுதிக்கு வாருங்கள். இங்கே அதே மெட்டைத் தேடினால் மேல் குரலான சோப்ரானோவில் இருக்காது. அடியில், பேஸ் குரலில், நீள நீளமான சுரங்களாக, டிராம்போன் துணையோடு வரும். பேஸ் பாடுகிற எனக்கு இதைவிட என்ன வேண்டும்? வருஷம் முழுக்க மற்றவர்களுக்கு முட்டுக்கொடுக்கிற வேலைதானே நமக்கு!

இது தற்செயல் இல்லை. 1724 ஜூன் 11இல் பாடிய கான்டாட்டாவில் மெட்டு சோப்ரானோவுக்கு, 18இல் அதற்கு அடுத்த ஆல்டோவுக்கு, 24இல் அதற்கும் கீழான டெனாருக்கு, 25இல் நம் 135இல் பேஸுக்கு. கடைசி இரண்டும் அடுத்தடுத்த நாள்! 24 யோவான் ஸ்நானகர் திருநாள், மறுநாள் ஞாயிறு. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பாக் வேலைக்குச் சேர்ந்து அப்போது ஓர் ஆண்டுதான் ஆகியிருந்தது. அவர் வாழ்க்கையைப் படிக்க நினைப்பவர்கள் இப்படி ஒரு மாதத்தின் தேதிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். மனிதர் எப்படி உழைத்தார் என்பது தெரியும்.

ஜெர்மன் தெரியாதே என்றால், தமிழ் வேதாகமத்தில் 6ஆம் சங்கீதத்தை வாசித்துவிட்டு உட்காருங்கள். பாட்டின் அடிப்படை அதுதான். ‘அக்கிரமக்காரரே, அகன்றுபோங்கள்’ என்னும் இடம் பேஸ் ஆரியாவாக (தனிக்குரல் பாட்டாக), வயலின்கள் விரட்ட வரும். பேச்சுபோலப் பாடும் ரெசிட்டாடிவை முதல் தடவை தாண்டிவிடலாம், தப்பில்லை.

ஏற்காடு பஸ்ஸில் ஹெட்போனில் கேட்பது மட்டும் வேண்டாம். 20 கொண்டை ஊசி வளைவிலும் எஞ்சின் இரைச்சலில் அடிக்குரல் காணாமல் போய்விடும்.

அப்புறம் 161. அதன் முதல் ஆரியாவில் ஆல்டோ பாட, ஆர்கன் இதே மெட்டை வாசிக்கும். அதற்கும் பிறகு 1734இன் கிறிஸ்துமஸ் ஆரட்டோரியோவின் (வேதக் கதையைப் பாடும் பெரிய படைப்பு) கடைசிக் கோரஸ். அதே மெட்டு, இந்த முறை டிரம்பெட்டும் முரசுமாக. பெரிய வெள்ளிப் பாட்டைப் பண்டிகைக்கு வாசிப்பதா என்று எங்கள் ஆல்டோ அக்காமார் ஒத்துக்கொள்வதில்லை. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.