வீட்டு டிவியில் நகைச்சுவை பாலே: கட்டைச் சத்தம் காலோடு சேரும்வரை

நகைச்சுவை பாலேயில் வசனம் கிடையாது. சிரிப்பு முழுக்கக் காலிலும் கையிலும்தான். டிவி செட்டிங் சரியில்லை என்றால் முதலில் அடிபடுவதும் அதுதான். பாதம் திரைக்குக் கீழே வெட்டுப்படும், சுழற்சி மங்கும், தாளம் பிசகும். "இதில் சிரிக்க என்ன இருக்கிறது?" என்று வீட்டில் எழுந்து போய்விடுவார்கள்.

இந்த விளக்கத்துக்கு எடுத்துக்கொள்வது 'லா ஃபீல் மால் கார்தே'. மகளைச் சரியாகக் காவல் காக்கத் தெரியாத ஒரு தாயின் கதை. ழான் தோபர்வால் இதை முதலில் மேடையேற்றியது பிரான்சின் போர்தோ நகரில், 1789 ஜூலை 1 அன்று. பிரெஞ்சுப் புரட்சியில் பஸ்தீய் சிறை தகர்வதற்கு இரண்டே வாரம் முன்பு. இப்போது டிஸ்கில் அதிகம் கிடைப்பது ஃபிரெடரிக் ஆஷ்டன் 1960இல் லண்டன் ராயல் பாலேவுக்கு அமைத்த வடிவம். மகள் லீஸ் விரும்புவது கோலாஸை. தாய் சிமோன் கட்டிவைக்க நினைப்பது பணக்காரத் திராட்சைத் தோட்ட முதலாளியின் மகன் அலனுக்கு. கதை இவ்வளவுதான்.

டிஸ்க் வாங்கும்போது

முதல்முறை பார்ப்பவர்களுக்கு 2005 பதிவைத்தான் சொல்வேன்: மரியனெலா நூனியஸ், கார்லோஸ் அகோஸ்டா. இருவரும் ஆடும்போது கதை தானாகப் புரியும். 2015 பதிவில் நத்தாலியா ஒசிபோவா, ஸ்டீவன் மெக்ரே. 1981இல் லெஸ்லி காலியர் ஆடிய பழைய பதிவும் அருமை. ஆனால் அது 4:3 படம், பழைய டிவியின் அகலம் குறைந்த அளவு. அதை அகலத் திரைக்கு இழுத்துவிட்டால் ஆடுபவர்கள் எல்லாரும் குண்டாகத் தெரிவார்கள், தாவலின் உயரம் குறையும். இரண்டு பக்கமும் கறுப்பாக இருந்தால் இருக்கட்டும், 4:3லேயே வையுங்கள்.

அட்டையின் பின்புறம் மண்டலக் குறியைப் பாருங்கள்; எந்த நாட்டுப் பிளேயரில் டிஸ்க் ஓடும் என்று சொல்வது அதுதான். மலேசியாவில் விற்கும் பிளேயர் ப்ளூரேக்கு ஏ, டிவிடிக்கு 3. லண்டனிலிருந்து உறவினர் வாங்கிவரும் டிஸ்கில் பி மட்டும் இருந்தால் இங்கே ஓடாது. ஏபிசி என்றோ, டிவிடியில் 0 என்றோ இருந்தால் கவலையில்லை. கணினியில் போட்டுப் பார்ப்பவர்கள் கவனம்: டிவிடி டிரைவின் மண்டலத்தை 5 முறைதான் மாற்ற முடியும். பிறகு கடைசியாக வைத்ததிலேயே பூட்டிக்கொள்ளும்.

படம்

பிக்சர் மோடை 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' ஆக்குங்கள். 'டைனமிக்' வேண்டவே வேண்டாம்; அறுவடைக் காட்சியின் மஞ்சள் கண்ணைக் குத்தும்.

அடுத்து அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணையுங்கள். சாம்சங்கில் 'பிக்சர் கிளாரிட்டி', எல்ஜியில் 'ட்ரூமோஷன்', சோனியில் 'மோஷன்ஃப்ளோ'. இரண்டு படங்களுக்கு நடுவே இல்லாத ஒரு படத்தை டிவியே கற்பனை செய்து நுழைக்கும் வேலை இது. நடப்பவருக்குப் பரவாயில்லை. வேகமாகச் சுழலும் காலைச் சுற்றி நிழல்போல ஒரு படலம் ஒட்டிக்கொள்ளும்.

பிறகு ஓரம் வெட்டுப்படுவதை நிறுத்த வேண்டும். எல்ஜியில் 'ஜஸ்ட் ஸ்கேன்', சாம்சங்கில் 'ஃபிட் டு ஸ்கிரீன்', சோனியில் 'ஃபுல் பிக்சல்'. பல டிவிகள் நான்கு ஓரத்திலும் கொஞ்சம் தின்றுவிடும். பாலேயில் அந்தக் கீழ் ஓரத்தில்தான் பாதம் இருக்கிறது.

சத்தம்: பலர் மாட்டிக்கொள்ளும் இடம்

முதல் அங்கத்தின் இரண்டாம் காட்சி, அறுவடை வயல். லீஸின் தோழிகள் மரக்கட்டைச் செருப்பைக் காட்டி சிமோனுக்கு ஆசை மூட்டுவார்கள். வேண்டாம் வேண்டாம் என்று பிகு செய்துவிட்டு மாட்டிக்கொண்டு ஆடத் தொடங்குவார். பினாங்குச் சந்தையில் முன்பு ஈரத் தரையில் கட்டை போட்டு நடந்த சத்தம் நினைவிருக்கிறவர்களுக்கு இந்த 'டக், டக்' உடனே பிடிபடும். டிவியைச் சோதிக்க இதைவிட நல்ல காட்சி இல்லை.

ஒரே ஒரு காலை மட்டும் பாருங்கள். கட்டை தரையில் படும் கணமும் சத்தமும் ஒன்றாக இருக்கிறதா?

சத்தம் பிந்தினால் காரணம் பெரும்பாலும் புளூடூத். சவுண்ட்பாரைக் கம்பியில்லாமல் இணைத்திருப்பீர்கள். ஒலியைச் சுருக்கி, அனுப்பி, மறுபடி விரிக்கும் வேலையில் 100 முதல் 200 மில்லிசெகண்ட் போய்விடும். ஒரு படச் சட்டம் 40 மில்லிசெகண்ட் என்று வைத்தால் இரண்டரை முதல் ஐந்து சட்டம் தாமதம். பலர் இங்கே 'ஆடியோ டிலே'யைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அலுத்துப்போகிறார்கள். அந்த வசதி சத்தத்தை மேலும் தாமதப்படுத்தும், முன்னே கொண்டுவராது. ஆகவே கேபிள் போடுங்கள். டிவியில் 'ஏஆர்சி' (டிவியின் சத்தத்தை வெளியே அனுப்பும் வசதி) என்று எழுதிய எச்டிஎம்ஐ துளையிலிருந்து சவுண்ட்பாரின் 'ஏஆர்சி' துளைக்கு. பக்கத்துத் துளையில் செருகினால் சத்தமே வராது. டிவி மெனுவில் சிஇசியையும் (எச்டிஎம்ஐயில் இணைந்த கருவிகள் ஒன்றையொன்று இயக்கும் வசதி) திறக்க வேண்டும்: எல்ஜியில் 'சிம்ப்லிங்க்', சாம்சங்கில் 'அனிநெட்+', சோனியில் 'பிராவியா சிங்க்'. கோலாலம்பூரின் மின்னணுக் கடை வளாகமான லோ யாட் பிளாசாவில் விலையுயர்ந்த கேபிளைக் காட்டினால் மயங்காதீர்கள், சாதாரண 2 மீட்டர் கேபிளே போதும்.

சத்தம் முந்தினால் டிவி படத்தைச் செதுக்க நேரம் எடுக்கிறது என்று பொருள். இதற்குத்தான் 'ஆடியோ டிலே'. 20 மில்லிசெகண்டாகக் கூட்டிக் கூட்டிப் பாருங்கள். முந்தும் சத்தம் பிந்தும் சத்தத்தைவிட அதிகம் உறுத்தும், அதனால் சந்தேகம் வந்தால் ஒரு படி கூடுதலாகவே வையுங்கள்.

ஒரு தட்டு இரண்டு தட்டாகக் கேட்டால் டிவி ஸ்பீக்கரும் சவுண்ட்பாரும் சேர்ந்து ஓடுகின்றன. டிவி ஸ்பீக்கரை அணைத்துவிடுங்கள். 'நைட் மோட்', 'கிளியர் வாய்ஸ்' இரண்டும் வேண்டாம். பேச்சே இல்லாத இடத்தில் பேச்சைத் தூக்கிவிடும் வசதி வாத்தியங்களைத்தான் கெடுக்கும். டிஸ்க் மெனுவில் ஸ்டீரியோ பிசிஎம் (சுருக்காத இரு தட ஒலி) இருந்தால் அதையே எடுங்கள்.

கோலாலம்பூரில் பிற்பகல் மழை நேரத்தில் போடாதீர்கள். கூரைத் தகரத்தில் மழை விழுந்தால் கட்டைச் சத்தம் எல்லாம் அதில் கரைந்துவிடும், இடி வந்தால் பிளக்கையும் பிடுங்க வேண்டியிருக்கும். இரவு 8 மணிக்கு மேல் நல்லது.

பார்க்கும்போது

முதல் அங்கம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். அதன் பிறகு இடைவேளை விடுங்கள், தே தாரிக் கலக்க நேரம் கிடைக்கும்.

சிமோனாக ஆடுவது ஆண். தெருக்கூத்தில் ஸ்திரிபார்ட் பார்த்த பெரியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கம்பத்தைச் சுற்றி நாடா பின்னும் ஆட்டம் வரும்போது 'பின்னல் கோலாட்டம்' என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

கை மொழியில் இவற்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: மோதிர விரலைத் தொட்டால் கல்யாணம், முகத்தைச் சுற்றிக் கை வட்டமிட்டால் அழகு, தலைக்கு மேல் இரு கையும் ஒன்றையொன்று சுற்றினால் ஆட்டம், நெஞ்சில் கை வைத்தால் காதல். பரதம் கற்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் அவளே உங்களுக்குச் சொல்லித்தருவாள். இரண்டாம் அங்கத்தில் லீஸ் தனியாக இருப்பதாக நினைத்துக் கல்யாணம், பிள்ளைகள் என்று கனவு காணும் இடத்தை இரண்டுமுறை பாருங்கள். ரஷ்ய பாலே கலைஞர் தமரா கர்சாவினா, தான் ரஷ்யாவில் கற்றதை ஆஷ்டனுக்குக் காட்டிக்கொடுத்த அபிநயம் அது. கனவின் நடுவே கதிர்க்கட்டுக்குள்ளிருந்து கோலாஸ் எழுந்து நிற்பான். அந்தச் சமயத்தில் யாரும் போனைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

பின்சேர்க்கை: போனிலிருந்து டிவிக்கு வைஃபை வழியாக அனுப்பினால் அசைவு திக்குகிறது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். மடிக்கணினியிலிருந்து எச்டிஎம்ஐ கேபிள் போடுங்கள், ரெஃப்ரெஷ் ரேட்டை (நொடிக்கு எத்தனை முறை படம் மாறுகிறது என்பதை) 50 அல்லது 60இல், பதிவுக்குப் பொருந்துவதாக, வையுங்கள். பிரிட்டிஷ் பதிவுகள் பலவும் 50.

இன்னொன்று. எல்லாரும் ஆடிக்கொண்டே வெளியேறி மேடை காலியானதும் ரிமோட்டை எடுத்து நிறுத்திவிடாதீர்கள். அலன் மட்டும் சத்தமில்லாமல் திரும்பி வருவான், மறந்துவிட்டுப்போன சிவப்புக் குடையைத் தேடி.